மடியில் கனம் எல்லாருக்கும் உண்டு

"நான் என்ன தப்பு பண்றேன்? என் போனைப் பார்த்து யாருக்கு என்ன கிடைக்கப் போகுது?" தனியுரிமை பற்றிப் பேச்செடுத்தாலே நம்மில் பலர் சொல்லும் பதில் இதுதான். "மடியில கனம் இருந்தாத்தானே வழியில பயம்" என்ற பழமொழியும் கூடவே வந்துவிடும்.

அந்தப் பழமொழியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மடியில் இருக்கும் கனம் திருட்டுப் பொருளாக இருக்க வேண்டியதில்லை. சந்தையில் மாடு விற்ற பணமாக இருக்கலாம், மகள் கல்யாணத்துக்குச் சேர்த்ததாக இருக்கலாம். அதை மூடி வைப்பவர் குற்றவாளி இல்லை. வழியில் திருடன் இருக்கிறான் என்பது தெரிந்தவர், அவ்வளவுதான்.

இன்று நம் மடி என்பது ஸ்மார்ட்போன். வங்கிக் கணக்கு, அம்மாவின் ஸ்கேன் ரிப்போர்ட், பிள்ளையின் பள்ளிப் படங்கள், நகைக்கடன் ரசீது எல்லாம் அதில்தான் இருக்கின்றன. கனம் இல்லாத மடி யாருக்கும் இல்லை.

ஒரு நாள் கணக்கு

காலையில் எழுந்ததிலிருந்து எங்கெல்லாம் உங்கள் தடம் பதிகிறது என்று பார்ப்போமா?

நீங்கள் யாரையும் அழைக்காவிட்டாலும் போன் அருகிலுள்ள டவரோடு தொடர்பில் இருக்கும். டீக்கடையில் யுபிஐ மூலம் 15 ரூபாய் கொடுத்தால் தேதி, நேரம், யாருக்கு என்பது பதிவாகும். சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக், தெருமுனையில் சிசிடிவி, அடுக்குமாடி வாசலில் பெயரும் நம்பரும் கேட்கும் செக்யூரிட்டி நோட்டு, மருந்துக்கடை பில்லில் செல்போன் எண் என்று மாலைக்குள் பத்துப் பதினைந்து இடங்களில் உங்களைப் பற்றிய குறிப்பு சேர்ந்துவிடுகிறது.

தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சின்ன விஷயம். சேர்த்துப் பார்க்கும்போதுதான் சிக்கல் வருகிறது. மாதாமாதம் வாங்கும் மாத்திரை, போகும் ஆஸ்பத்திரி, வாங்கிய கடன், வீடு திரும்பும் நேரம் ஆகியவற்றை ஒரே நூலில் கோத்தால் உங்கள் வாழ்க்கை முழுவதும் தெரிந்துவிடும். அந்த நூல் பெரும்பாலும் உங்கள் செல்போன் எண்தான். எல்லா இடத்திலும் அதே எண்ணைத்தானே கொடுக்கிறோம்!

இதனால் என்ன நஷ்டம்? உங்கள் பெயர், வங்கி, சமீபத்தில் போன ஆஸ்பத்திரி மூன்றையும் சரியாகச் சொல்லி ஒருவர் "இன்ஷூரன்ஸ் பணம் வந்திருக்கு, ஓடிபி சொல்லுங்க" என்றால் படித்தவர்களும் நம்பிவிடுவார்கள். பயந்து வீட்டை விட்டு வெளியேறிய ஒரு பெண்ணுக்கு, போனில் அணைக்க மறந்த லொகேஷன் ஷேரிங் உயிர்ப் பிரச்சினை. கடன் செயலிக்கு கான்டாக்ட் அனுமதி கொடுத்தவரின் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் மிரட்டல் அழைப்பு போன கதைகள் நமக்குத் தெரியும். அதனால்தான் கடன் செயலிகள் கான்டாக்ட், கால் விவரம், புகைப்படங்களைத் தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-ல் விதித்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

1962-ல் கரக் சிங் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. உத்தரப் பிரதேச போலீசார் இரவில் அவர் வீட்டுக்கு வந்து கண்காணித்தார்கள். இரவு வருகை செல்லாது என்றது நீதிமன்றம். ஆனால் தனியுரிமை என்பது அரசியலமைப்பு உறுதியளித்த உரிமை இல்லை என்றும் சொல்லிவிட்டது.

அந்த நிலை மாற 55 ஆண்டுகள் ஆயின. கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி தொடர்ந்த வழக்கில், 2017 ஆகஸ்ட் 24 அன்று 9 நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். தனியுரிமை அடிப்படை உரிமை, அது 21-வது பிரிவின் கீழ் வரும் வாழ்வுரிமையின் பகுதி என்பதே அந்தத் தீர்ப்பு. இந்த உரிமையில் அரசு கை வைக்க வேண்டுமானால் அதற்கு ஒரு சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், நடவடிக்கை தேவையான அளவைத் தாண்டக் கூடாது.

2018 செப்டம்பரில் வந்த ஆதார் தீர்ப்பு, நலத்திட்டங்களுக்கு ஆதார் கேட்பது செல்லும் என்றது. வங்கிக் கணக்கு, சிம் கார்டு, பள்ளிச் சேர்க்கை ஆகியவற்றுக்கு அதைக் கட்டாயமாக்க முடியாது என்றும் சொன்னது.

அடுத்து வந்தது 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். எந்த வேலைக்காகக் கேட்டார்களோ அதற்கு மட்டுமே தகவலைப் பயன்படுத்த வேண்டும். ஒப்புதல் கொடுப்பது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும். ஒப்புதல் அறிவிப்பைத் தமிழில் கேட்டுப் பெறலாம். மீறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். நாட்டின் பாதுகாப்பு போன்ற காரணங்களுக்காக அரசு அமைப்புகளுக்கு விலக்கு அளிக்கவும் இச்சட்டம் இடம் தருகிறது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வரும்.

அதுவரை சும்மா இருக்க வேண்டுமா? வேண்டாம். நம் கையிலேயே சில வழிகள் இருக்கின்றன.

இன்றே செய்யக்கூடிய 6 வேலைகள்

1. மறைக்கப்பட்ட ஆதார்: மைஆதார் தளத்தில் 'மாஸ்க்டு ஆதார்' என்று தேர்வு செய்து பதிவிறக்குங்கள். கடைசி 4 எண்கள் மட்டுமே தெரியும். அடையாளம் காட்ட மட்டும் கேட்கும் இடங்களில் இதைக் கொடுத்துப் பாருங்கள்.

2. பயோமெட்ரிக் பூட்டு: அதே தளத்தில் கைரேகை, கருவிழிப் பதிவைப் பூட்டி வைக்கலாம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். ரேஷன் கடைக்குப் போகும் முன் பூட்டைத் திறக்காவிட்டால் கைரேகை ஏற்காது. சந்தேகம் இருந்தால் 1947 என்ற எண்ணில் கேளுங்கள்.

3. செயலி அனுமதிகள்: போன் செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குப் போய் பெர்மிஷன் பட்டியலைப் பாருங்கள். டார்ச் செயலிக்கு கான்டாக்ட் எதற்கு? லொகேஷனை 'பயன்படுத்தும்போது மட்டும்' என்று மாற்றுங்கள்.

4. ஜெராக்ஸ் கடை: ஆவணத்தைக் கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பினால் பிரிண்ட் எடுத்ததும் கண் முன்னே நீக்கச் சொல்லுங்கள். "அண்ணா, அந்த ஃபைலை டெலிட் பண்ணிடுங்க" என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பிரவுசிங் சென்டர் என்றால் டவுன்லோட் ஃபோல்டரையும் பாருங்கள். கொடுக்கும் நகலின் மேல் தேதியும் எதற்காக என்பதும் எழுதிக் கையெழுத்திடுங்கள்.

5. உங்கள் பெயரில் எத்தனை சிம்? மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். தெரியாத எண் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம்.

6. இணைந்த கருவிகள்: வாட்ஸ்அப்பில் 'லிங்க்டு டிவைசஸ்' பகுதியைத் திறங்கள். உங்களுக்குத் தெரியாத கணினி இருந்தால் உடனே லாக் அவுட் செய்யுங்கள். கூகுள் மேப்பில் யாருக்கெல்லாம் லொகேஷன் போகிறது என்பதையும் பாருங்கள்.

பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை முடக்கி மீட்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

பில் போடும்போது நம்பர் கேட்டால்?

செல்போன் எண் தராவிட்டால் பில் போட மாட்டோம் என்று கடைகள் வற்புறுத்தக் கூடாது என மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதம் அறிவுறுத்தியிருக்கிறது. "நம்பர் வேண்டாம், பில் மட்டும் போடுங்க" என்று தயங்காமல் சொல்லலாம். கவுன்ட்டரில் நிற்கும் தம்பியோ தங்கையோ மேலிடம் சொன்னதைத்தான் செய்கிறார்கள். அவர்களிடம் சண்டை வேண்டாம், சிரித்துக்கொண்டே மறுத்தால் போதும்.

வேறு எங்கே யார் தகவல் கேட்டாலும் மூன்று கேள்விகளை மனதில் வையுங்கள். இது எதற்கு? எவ்வளவு நாள் வைத்திருப்பீர்கள்? இது இல்லாமல் வேலை நடக்காதா? கடை, செயலி, அலுவலகம் எல்லாவற்றுக்கும் இந்தக் கேள்விகள் பொருந்தும், அரசு அலுவலகத்துக்கும் சேர்த்துத்தான்.

உங்களுக்கு ஒரு பயிற்சி

அடுத்த 7 நாட்கள், செல்போன் எண் கொடுக்கும் ஒவ்வொரு இடத்தையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். வாரக் கடைசியில் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து அந்தப் பட்டியலைப் படியுங்கள். உண்மையிலேயே தேவைப்பட்ட இடங்களுக்கு ஒரு டிக் போடுங்கள். டிக் இல்லாத இடங்களில் அடுத்த முறை "வேண்டாங்க" என்று சொல்லிப் பழகுங்கள்.