ஷண்ட் வைத்த பிள்ளையைக் காத்தல்

அன்புள்ள சாரதாவுக்கு,

மூளையில் நீர் கோத்திருந்த உன் தம்பிக்கு ரண சிகிச்சை நல்லபடியாக முடிந்து, அவன் வீடு வந்து சேர்ந்த செய்தி அறிந்து மட்டற்ற மகிழ்ச்சி அடைந்தேன். ஆயினும், "இனி அவனுக்கு ஒன்றும் வராதல்லவா, சித்தப்பா?" என்று கேட்டிருக்கிறாயே, அதற்கு ஆம் என்று ஒரே சொல்லில் பதில் எழுதிவிட என் மனம் ஒப்பவில்லை.

மண்டைக்குள் தேங்கும் நீரைத் தோலுக்கடியிலேயே கழுத்தும் மார்பும் கடந்து வயிற்றில் கொண்டுபோய் விடும் 'ஷண்ட்' என்னும் அந்த மெல்லிய குழாய், வியாதியை வேரோடு களைவதன்று. நீருக்கு வேறு வழி அமைத்துத் தருவதே அதன் தொழிலாதலால், அவ்வழி அடைபட்டால் பழைய அபாயம் அப்படியே திரும்பிவிடும். மூளைக்குள் இருக்கும் முனையின் நுண்ணிய துளைகளில், அந்நீரைச் சுரக்கும் திசுவே புகுந்து அடைத்துக்கொள்வதுண்டு. பிள்ளை வளர வளர வயிற்றுப் பக்கத்துக் குழாய் நீளம் போதாமற் போவதும் உண்டு. அளவுக்கு மீறி நீர் வடிந்தால், சுருங்கும் மூளையின் மேற்புறத்தில் இரத்தம் கட்டும். குழந்தைகளுக்கு வைக்கும் ஷண்ட்களில் ஏறத்தாழப் பாதி, 2 ஆண்டுகளுக்குள் பழுதாகி மறு சிகிச்சையை வேண்டுகின்றன.

நீ விரும்பிப் படிக்கும் ரோல்ட் டாலின் வாழ்விலும் இத்துயரம் நேர்ந்தது. 1960 டிசம்பரில், நியூயார்க் வீதியில், 4 மாதக் குழந்தையான அவர் மகன் தியோவின் தள்ளுவண்டிமீது டாக்சி மோதியது. தலையில் அடிபட்டு நீர் கோத்த அக்குழந்தைக்கு வைத்த குழாயோ அடிக்கடி அடைபட்டு, பார்வையையே பறிக்கப் பார்த்தது. மனம் தளராத அத்தந்தை, ஸ்டான்லி வேட் என்ற எஞ்சினியரையும், லண்டனில் கென்னத் டில் என்ற நரம்பியல் ரண சிகிச்சை நிபுணரையும் துணைகொண்டு, எளிதில் அடைபடாத வால்வு ஒன்றை 1962-இல் உருவாக்கினார்; தியோவுக்கு அது தேவைப்படாமற் போயினும், லாபம் கருதாமல் பிற குழந்தைகளுக்கு அது கிடைக்கும்படி மூவரும் செய்தனர்.

வால்வு செய்வது நம்மால் ஆகாது. கூர்ந்து கவனிப்பது ஆகும். தம்பியின் உச்சிக்குழி புடைத்து இறுகினாலும், ஓயாமல் வாந்தி எடுத்தாலும், பால் குடிக்க மறுத்துச் சோர்ந்து உறங்கினாலும், கருவிழிகள் கீழ்நோக்கிச் சரிந்தாலும், குழாய் அடைபட்டிருக்கலாம் என்று கொள். காய்ச்சலோடு குழாய் செல்லும் வழியில் தோல் சிவந்தால், கிருமி புகுந்திருக்கலாம். கிருமியின் தொல்லை பெரும்பாலும் முதல் 6 மாதங்களிலேயே தலைகாட்டும். வெறும் அஜீரணம், விடிந்ததும் பார்க்கலாம் என்று பெரியவர்கள் சொன்னாலும், நீ இவற்றையெல்லாம் எடுத்துச் சொல்லி, சிகிச்சைச் சீட்டுகளோடு அப்பொழுதே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகச் செய். தக்க தருணத்தில் குழாயை மாற்றிவிட்டால், அவன் மீண்டும் தெளிந்து விளையாடுவான்.

உன் அன்புள்ள
சித்தப்பா