ஒரே டொமைனில் இரண்டு மெயில் சர்வர்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஒரு நிறுவனத்தின் மின்னஞ்சல் வெளியே ஒரு ஹோஸ்டிங் சேவையில் இருக்கும்போதே, அதே டொமைன் பெயரில் அலுவலகத்துக்குள்ளும் ஒரு மெயில் சர்வர் வைப்பதுண்டு. தலைக்கு இவ்வளவு என்று மாதாமாதம் கட்டும் தொகையைக் குறைப்பது ஒரு காரணம். பக்கத்து மேசைக்குப் போகவேண்டிய பெரிய வரைபடக் கோப்பு இணையத்தைச் சுற்றிவிட்டு வரவேண்டாம் என்பது இன்னொன்று. இதைச் செய்ய முடியும். பல இடங்களில் நன்றாகவே ஓடுகிறது. ஓடாத இடங்களில் பெரும்பாலும் கோளாறு சர்வரில் இருப்பதில்லை, அமைத்தவரின் நம்பிக்கையில் இருக்கிறது.

முதல் நம்பிக்கை, டொமைனின் மெயிலை எந்த சர்வரிடம் தரவேண்டும் என்று டிஎன்எஸ்ஸில் சொல்லும் எம்எக்ஸ் பதிவை இரண்டாகப் போட்டுவிட்டால் அவரவர் மெயில் அவரவர் சர்வருக்குப் பிரிந்து போய்விடும் என்பது. 1986-இல் எம்எக்ஸ் முறை வகுக்கப்பட்ட நாளிலிருந்தே அது டொமைனை மட்டும்தான் பார்க்கிறது. அட் குறிக்கு முன்னால் இருக்கும் பெயர் யாருடையது என்பது டிஎன்எஸ்ஸுக்குத் தெரியாது. பதிவின் பக்கத்தில் உள்ள எண் முன்னுரிமையைச் சொல்கிறது: சிறிய எண்ணுக்கே முதலிடம். இரண்டுக்கும் ஒரே எண் கொடுத்தால், அனுப்பும் சர்வர் ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். சில மெயில் வருகிறது, சில வருவதில்லை என்ற புகார் அங்கேதான் தொடங்குகிறது.

வெவ்வேறு எண் கொடுத்தால் சரியாகிவிடும், முதல் சர்வரில் பெட்டி இல்லாவிட்டால் மெயில் இரண்டாவதற்குப் போகும் என்று நினைப்பதும் தவறு. முதல் சர்வரை எட்ட முடியாதபோதோ, அது ‘பிறகு வா’ என்று தற்காலிகமாக மறுக்கும்போதோதான் அனுப்பும் சர்வர் இரண்டாவதை நாடும். ‘அப்படி ஒருவர் இங்கே இல்லை’ என்று முதல் சர்வர் சொல்லிவிட்டால் கதை முடிந்தது; மெயில் அனுப்பியவருக்கே திரும்பும். சர்வர் சிறிது நேரம் நின்றுபோனால் மெயில் தொலைந்துவிடும் என்ற பயத்தில் இரண்டாவது எம்எக்ஸ் வைக்கவும் தேவையில்லை. அனுப்பும் சர்வர் நாலைந்து நாளாவது முயன்று பார்க்கவேண்டும் என்கிறது எஸ்எம்டிபி தரநிலை. மாறாக, காவல் குறைவாக இருக்கும் என்ற கணக்கில் ஸ்பாம் அனுப்புவோர் பெரிய எண் உள்ள எம்எக்ஸையே தேடிப்போவது வழக்கம்.

அதிகம் சேதம் செய்வது அடுத்த நம்பிக்கை: உள் சர்வரில் இல்லாத முகவரி என்றால் அது தானாக வெளிச் சேவைக்கு அனுப்பிவிடும் என்பது. கணக்குப் பிரிவின் பெட்டி உள்ளேயும், விற்பனைப் பிரிவின் பெட்டி வெளியேயும் இருப்பதாகக் கொள்ளலாம். கணக்குப் பிரிவிலிருந்து விற்பனைக்கு ஒரு விலைப்பட்டியல் போகிறது. உள் சர்வர் டொமைனைப் பார்க்கிறது. அது தன்னுடையது என்று அதன் அமைப்பில் எழுதியிருக்கிறது. எனவே டிஎன்எஸ் பக்கமே திரும்பாமல் தன் பட்டியலில் தேடுகிறது. பெயர் இல்லை. ‘550 5.1.1’ என்ற எண்ணோடு மெயில் திரும்புகிறது. அதே நிமிடம் ஒரு வாடிக்கையாளர் ஜிமெயிலிலிருந்து விற்பனைக்கு அனுப்பியது ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருக்கும். குழப்பத்தில் யாராவது உள்ளேயும் ‘விற்பனை’ என்று ஒரு பெட்டி திறந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். மெயில் திரும்பாது, யாரும் திறக்காத பெட்டியில் சத்தமில்லாமல் குவியும்.

உள் சர்வரே வைக்காத நிறுவனங்களுக்கும் இந்த ஆபத்து உண்டு. இணையதளம் சிபேனல் ஹோஸ்டிங்கில், மெயில் வேறு சேவையில் என்றால், தளத்தின் விசாரணைப் படிவம் அனுப்பும் மெயில் அந்த ஹோஸ்டிங் இயந்திரத்திலேயே தங்கிவிடலாம். ஈமெயில் ரவுட்டிங் பக்கத்தில் ‘லோக்கல்’ என்றிருப்பதை ‘ரிமோட் மெயில் எக்ஸ்சேஞ்சர்’ என்று மாற்றினால் தீரும்.

உண்மையில் இந்த ஏற்பாட்டின் உயிரே ஒரு கேள்வியில் இருக்கிறது: இந்த டொமைன் முழுவதும் தனக்கே சொந்தம் என்று எந்த சர்வர் நம்புகிறது? சர்வர் மென்பொருள் எக்ஸ்சேஞ்ச் என்றால், அதில் டொமைனை ‘அதாரிடேட்டிவ்’ என்று வைத்தால் தெரியாத முகவரி மறுக்கப்படும். ‘இன்டர்னல் ரிலே’ என்று வைத்தால் அடுத்த சர்வருக்கு அனுப்பப்படும். மென்பொருள் போஸ்ட்ஃபிக்ஸ் என்றால், வெளிச் சேவையில் உள்ள ஒவ்வொரு முகவரிக்கும் எந்த சர்வருக்குப் போகவேண்டும் என்பதை டிரான்ஸ்போர்ட் மேப்ஸில் எழுதலாம். ஆனால் ஏற்கத்தக்க பெறுநர் பட்டியலிலும் அந்த முகவரிகள் இருக்கவேண்டும்; இல்லாவிட்டால் வாசலிலேயே மறுப்புதான்.

தெரியாததை எல்லாம் நீ எனக்கு அனுப்பு, நான் உனக்கு அனுப்புகிறேன் என்று இரண்டு சர்வரையும் ஏற்பாடு செய்வது சுலபமாகத் தோன்றும். ஒரே ஓர் எழுத்துப்பிழை போதும் அதைக் குலைக்க. யாரிடமும் இல்லாத முகவரிக்கு வந்த மெயில் இரண்டுக்கும் நடுவே பந்தாடப்படும். ஒவ்வொரு கைமாற்றத்திலும் தலைப்பில் ஒரு ‘ரிசீவ்ட்’ வரி ஏறும். போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாக 50 வரி வரை பொறுத்துக்கொண்டு பிறகு திருப்பி அனுப்பும். ஆகவே ஒரு பக்கம் ‘இல்லை’ என்று முடித்துச் சொல்லியே ஆகவேண்டும். மின்வெட்டும் பிராட்பேண்ட் கோளாறும் உள்ள அலுவலகத்துக்கு, எம்எக்ஸ் வெளிச் சேவையைக் காட்டுவதும், அது தெரியாத முகவரிகளை உள் சர்வருக்குத் தள்ளுவதும், இறுதி மறுப்பை உள் சர்வர் சொல்வதும் நல்ல வரிசை.

வெளியே அனுப்புவதில் இருக்கும் நம்பிக்கை, டொமைனின் பெயரில் மெயில் அனுப்ப எந்த சர்வருக்கு அனுமதி என்று சொல்லும் எஸ்பிஎஃப் பதிவு இரண்டு சர்வருக்கும் ஆளுக்கொன்று வேண்டும் என்பது. ஒரு டொமைனுக்கு எஸ்பிஎஃப் பதிவு ஒன்றுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் சோதனையே பிழையில் முடியும். அந்த ஒன்றுக்குள் இரண்டு சர்வரையும் சேர்க்கவேண்டும். டிஎன்எஸ் தேடல்கள் 10-ஐத் தாண்டவும் கூடாது. மெயிலில் கையொப்பமிடும் டிகேஐஎம் அப்படியல்ல. செலக்டர் என்ற பெயர் வேறுபாட்டால் ஒவ்வொரு சர்வரும் தனிச் சாவி வைத்துக்கொள்ளலாம். வீட்டு வகை பிராட்பேண்டில் 25-ஆம் போர்ட் மூடியிருப்பதும், அத்தகைய ஐபி முகவரிகளைப் பெறுநர்கள் நிராகரிப்பதும் சகஜம். அதனால் வெளியே போகும் மெயிலை 587-ஆம் போர்ட் வழியே, கடவுச்சொல்லோடு, வெளிச் சேவையின் மூலமே அனுப்புவது நிம்மதி.

அமைத்து முடித்தபின் சோதனை மெயில் உள்ளிருந்து உள்ளே, உள்ளிருந்து வெளிப் பெட்டிக்கு, வெளிப் பெட்டியிலிருந்து உள்ளே, ஜிமெயிலிலிருந்து இரண்டுக்கும், இரண்டிலிருந்தும் ஜிமெயிலுக்கு என எல்லாத் திசையிலும் போகவேண்டும். கடைசியாக, யாருக்கும் இல்லாத ஒரு முகவரிக்கு மூன்று இடங்களிலிருந்தும் ஒவ்வொரு மெயில். மூன்றும் சில நிமிடத்துக்குள், ஒரே ஒருமுறை திரும்பி வரவேண்டும்.