வீட்டு நுண்கருவிகளின் நிலைபொருளும் இரகசியங்களும்

மேல்நிலைத் தொட்டியில் நீர் நிரம்பியதும் மோட்டாரை நிறுத்துதல், அறையின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் அளந்து அறிவித்தல், குறித்த நேரத்தில் விளக்கை ஏற்றுதல் ஆகிய சிறு பணிகளுக்கு மைக்ரோகன்ட்ரோலர் எனப்படும் நுண்கட்டுப்பாட்டிகள் இன்று வீடுகளில் பயன்படுகின்றன. கணிக்கும் பகுதி, நினைவகம், வெளிக் கம்பிகளை இணைக்கும் முனைகள் யாவும் ஒரே சிலிக்கன் சில்லில் அமைந்த சிறு கணிப்பொறியே நுண்கட்டுப்பாட்டியாகும். ஷாங்காய் நகரைச் சேர்ந்த எஸ்பிரசிப் நிறுவனம் 2014-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஈ.எஸ்.பி. 8266, 2016-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஈ.எஸ்.பி. 32 ஆகிய சில்லுகள் வைபை வானொலியையும் தம்முள் அடக்கியவை, விலையும் மலிவு. இவை வீடுகளில் பெருகியதற்கு இதுவே காரணம்.

சில்லினுள் நிலையாகத் தங்கி அதனை இயக்கும் ஆணைத் தொகுதி நிலைபொருள் அல்லது பர்ம்வேர் எனப்படும். ஒரே கருவி இருக்கும்வரை அதற்கென ஒரு நிரல் எழுதி ஏற்றிவிடுவது எளிது. கருவிகள் பத்து பன்னிரண்டு ஆகும்போது நிலைமை மாறிவிடுகிறது. எந்தக் கருவியில் எந்த நிரல் உள்ளது, அது எப்பொழுது திருத்தப்பட்டது என்பது உரியவருக்கே விளங்காமற் போகிறது.

இவ்விடர்ப்பாட்டைத் தீர்க்க எழுந்ததே அறிவிப்பு முறையாகும். கருவி செய்ய வேண்டிய செயல்களை ஒவ்வொரு படியாக எழுதுவது பழைய முறை. கருவி எவ்வாறு அமைந்திருத்தல் வேண்டும் என்பதை மட்டும் ஒரு கோப்பில் அறிவித்துவிட்டு, எஞ்சியதைக் கணிப்பொறியிடம் ஒப்படைப்பது புதிய முறை. 2018-ஆம் ஆண்டில் தோன்றிய ஈ.எஸ்.பி.ஹோம் என்னும் மென்பொருள் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. இன்ன முனையில் வெப்ப உணரி, இன்ன முனையில் ரிலே, 60 வினாடிக்கு ஒருமுறை அளவு என்று யாமல் வடிவில் எழுதினால், அம்மென்பொருள் சி++ மொழியில் நிரலைத் தானே ஆக்கி, தொகுத்து, வைபை வழியாகவே கருவிக்கு அனுப்பிவிடும். கருவிகள் அனைத்துக்கும் பொதுவான பகுதியை ஒரே இடத்தில் எழுதிக் கொள்ளலாம். ஈ.எஸ்.பி. 32-இல் நிலைபொருளுக்கு இரண்டு அறைகள் ஒதுக்கப்படுகின்றன. புதியது வெற்று அறையில் எழுதப்படுவதால், அனுப்பும்போது மின்சாரம் தடைப்பட்டாலும் பழையது கெடாது.

அறிவிப்புக் கோப்புகளைக் கிட் போன்ற வரலாற்றுப் பதிவேட்டில் சேமிப்பது வழக்கம். வைபைக் கடவுச்சொல், நிலைபொருளை மாற்ற உரிமை தரும் கடவுச்சொல், செய்தியை மறைக்கும் 32 பைட் திறவுகோல் ஆகியவையும் அக்கோப்புகளில் இருந்தால் பதிவேட்டைக் காண்போர் அனைவருக்கும் அவை தெரிந்துவிடும். பின்னர் அழித்தாலும் பழைய பதிப்பில் அவை இருந்துகொண்டே இருக்கும். ஆகவே ஈ.எஸ்.பி.ஹோம் முறையில் இரகசியங்களுக்கெனத் தனிக் கோப்பு உண்டு. அறிவிப்பில் அவற்றின் பெயர் மட்டுமே எழுதப்படும். தனிக் கோப்பு தொலைந்தால் எல்லாம் தொலைந்ததாகுமன்றோ? அதனால் சாப்ஸ் போன்ற கருவியால் அதனை மறையாக்கம் செய்து பதிவேட்டிலேயே வைப்பாரும் உளர். சாப்ஸ் மதிப்புகளை மட்டும் மறைத்துப் பெயர்களை வாசிக்கத்தக்கவாறு விட்டுவைப்பதால் எது மாறியது என்பதைப் பின்னர்க் காண முடியும்.

இத்துடன் பாதுகாப்பு நிறைவுற்றதாகப் பலர் கருதிவிடுகின்றனர். அக்கருத்து தவறானது. தொகுக்கும் வேளையில் இரகசியம் மறைவினின்று வெளிப்பட்டு நிரலினுள் எழுத்துக்கு எழுத்து அமைந்துவிடுகிறது. இடையே ஆக்கப்படும் சி++ கோப்பிலும் இறுதி நிலைபொருளிலும் அது வெளிப்படையாகவே இருக்கும். கருவியைக் கைப்பற்றியவர் யு.எஸ்.பி. கம்பி ஒன்றை இணைத்து, சில நிமிடங்களில் 4 மெகாபைட் நினைவகம் முழுவதையும் படித்து, அதிலுள்ள எழுத்துத் தொடர்களைத் தேடினால் போதும். ஆகவே நிலைபொருட் கோப்பும் ஓர் இரகசியமே. அதனை நண்பருக்கு அனுப்புவது வீட்டுச் சாவியை அனுப்புவதற்கு ஒப்பாகும்.

அறிவிப்பு முறையை முழுமையாகக் கடைப்பிடிக்கும் நிக்ஸ் அமைப்பில் இச்சிக்கல் மேலும் கூர்மையாகிறது. அங்கே தொகுக்கப்பட்ட பொருள்கள் தங்கும் களஞ்சியத்தை அக்கணிப்பொறியின் எந்தப் பயனரும் படிக்கலாம். ஆகவே இரகசியமின்றிப் பொதுவான நிலைபொருளைத் தொகுத்து, கடவுச்சொல்லைக் கருவி முதன்முதல் இயங்கும்போது அதன் தனி நினைவகப் பகுதியில் எழுதுவதே தக்கது. இதனால் அறிவிப்பு மட்டும் கருவியை முழுமையாக விவரிக்கிறது என்ற நிலை சற்றுக் குறைவுபடும். அக்குறை பொறுத்துக்கொள்ளத் தக்கதே. ஆயினும் அத்தனிப் பகுதியும் படிக்கத்தக்கதே என்பதை மறத்தலாகாது. ஈ.எஸ்.பி. 32 சில்லில் நினைவகத்தையே மறையாக்கம் செய்யும் வசதி உண்டு. அதன் திறவுகோல் சில்லினுள் நிரந்தரமாகப் பொறிக்கப்படுவதால் பின்னர் மாற்ற இயலாது. ஈ.எஸ்.பி. 8266-இல் அவ்வசதியே இல்லை.

ஒரே திறவுகோலை எல்லாக் கருவிகளுக்கும் வழங்குவது மற்றொரு பிழை. 2016-ஆம் ஆண்டில் மிராய் என்னும் தீநிரல், ஆலையிலேயே வைக்கப்பட்ட பொதுக் கடவுச்சொற்கள் ஏறத்தாழ 60-ஐ மட்டும் முயன்று பார்த்தே இலட்சக்கணக்கான புகைப்படக் கருவிகளையும் பிறவற்றையும் கைப்பற்றியது. முதன்மைத் திறவுகோல் ஒன்றையும் கருவியின் பெயரையும் சேர்த்து, ஒருவழிக் கணிப்பினால் கருவிதோறும் வெவ்வேறு திறவுகோலைப் பெறலாம். ஒன்று களவு போனாலும் மற்றவை பிழைக்கும்.

வைபைக் கடவுச்சொல்லை மாற்றும்போதுதான் அறிவிப்பு முறையின் பயன் நன்கு புலப்படும். முதலில் பழைய வலையமைப்பு, புதிய பெயருடைய வலையமைப்பு ஆகிய இரண்டையும் பொதுப் பகுதியில் எழுதி எல்லாக் கருவிகளுக்கும் அனுப்ப வேண்டும். அதன் பின்னரே ரூட்டரை மாற்ற வேண்டும். எல்லாம் புதியதில் சேர்ந்தபின் பழையதை நீக்கி மறுபடியும் அனுப்ப வேண்டும். வரிசை தவறினால் ஏணியுடன் ஒவ்வொரு கருவியிடமும் செல்ல நேரும். மின்கலத்தில் இயங்குபவை பெரும்பொழுதும் உறங்குவதால், அவை விழித்திருக்கும் தருணத்தைப் பார்த்து அனுப்புதல் அவசியம்.

பழுதான கருவியைக் குப்பையில் எறியுமுன் அதன் நினைவகத்தை முழுவதும் அழித்துவிட வேண்டும். ரிலே பழுதானால் கருவி பயனற்றதாகலாம். நினைவகத்திலுள்ள கடவுச்சொல் அப்பொழுதும் அப்படியே இருக்கும். அழிக்க இயலாதவாறு சில்லு செயலிழந்துவிட்டால், அக்கருவி அறிந்திருந்த கடவுச்சொற்களை மேற்கண்ட வரிசைப்படி மாற்றிவிடுவதே வழி.