புலிக்குட்டி சேர்த்த கூட்டம்

எழும்பூர் அரசு அருங்காட்சியகம் 1851-ல் தொடங்கப்பட்டது. அதன் முதல் பொறுப்பாளர் டாக்டர் எட்வர்டு பால்ஃபர் ஒன்றைக் கவனித்தார். கல்லையும் எலும்பையும்விட, அங்கே உயிரோடு இருந்த புலிக்குட்டியையும் சிறுத்தையையும் பார்க்கத்தான் சனம் திரண்டது! ஆர்க்காடு நவாபிடம் பேசி அவருடைய விலங்குகளையும் வாங்கினார். 1855-ல் அந்த வளாகத்திலேயே உயிரியல் பூங்கா வந்தது. இன்றைய வண்டலூர் பூங்காவின் தொடக்கம் அதுதான்.

இப்போது புலி வேண்டாம். உள்ளூர்க்காரரை இழுக்க அவருடைய சொந்தத் தெருவே போதும். மயிலாப்பூரில் பழைய வீட்டை இடிக்கும்போது தாத்தா காலத்து போட்டோ, கல்யாணப் பத்திரிகை, கணக்கு நோட்டு எல்லாம் கிலோ கணக்கில் பழைய பேப்பர் கடைக்குப் போகிறது. "இதையெல்லாம் யாருங்க கேக்கப் போறாங்க?" என்பார்கள். அருங்காட்சியகம்தான் கேட்க வேண்டும். மாட வீதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேசை போட்டு, ஸ்கேன் செய்துகொண்டு, அசலைக் கையோடு திருப்பிக் கொடுக்கலாம். பிறகு அந்தப் படத்தைக் காட்சிக்கு வைத்தால், கொடுத்தவர் குடும்பத்தோடு வந்து நிற்பார்.

அதுவரை உங்கள் கைபேசியே போதும். போட்டோவின் பின்பக்கத்தையும் மறக்காமல் படம் எடுங்கள். பெயரும் வருஷமும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். யார் யார் என்று பாட்டி சொல்வதைக் குரல்பதிவு செய்யுங்கள். இதைத் தள்ளிப்போடாதீங்க.

எழும்பூருக்கு மாம்பலத்திலிருந்து மின்சார ரயில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மட்டும் போகாதீங்க, அன்று அருங்காட்சியகம் விடுமுறை.