படுக்கையில் அம்மா, வேலைக்குப் போகாத மகள்

விடியும்போதே உடும்பஞ்சோலைப் பக்கம் ஜீப்புகள் வந்துவிடும். போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியாக ஏலக்காட்டு வேலைக்கு ஆட்கள் வருவார்கள். லயத்தில் இருப்பவர்களும் காட்டுக்குக் கிளம்புவார்கள்.

ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். அந்த வீட்டு மகள் மட்டும் வேலைக்குப் போவதில்லை. அம்மாவுக்கு வயது 70. பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். கஞ்சி ஊட்ட வேண்டும். துணி மாற்ற வேண்டும். அடிக்கடி புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். இரவிலும் இதே வேலைதான்.

அண்ணன்கள் இரண்டு பேர். ஒருவர் தேனியில். ஒருவர் திருப்பூரில். பொங்கலுக்கு வருவார்கள். அம்மாவுக்குச் சேலை கொண்டு வருவார்கள்.

அங்கன்வாடி டீச்சர் ஒரு நாள் வந்தார்.

"அண்ணனுங்க பணம் அனுப்புறாங்களா அக்கா?"

"எப்பவாவது. கேட்டா கோவிச்சுக்குவாங்க டீச்சர்."

"நீங்க கேக்க வேண்டாம். சட்டம் கேக்கும்."

அது என்ன சட்டம்?

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம். 2007-இல் பாராளுமன்றம் இயற்றியது. கேரளத்தில் 2008-இல் நடைமுறைக்கு வந்தது. பெற்றோரால் தம்மைக் காப்பாற்றிக்கொள்ள முடியவில்லையா? பிள்ளைகள் உணவு, உடை, இருப்பிடம், வைத்தியம் ஆகியவற்றுக்குப் பணம் கொடுக்க வேண்டும். மகனுக்கும் உண்டு. மகளுக்கும் உண்டு. வயது வந்த பேரப்பிள்ளைகளுக்கும் உண்டு. பிள்ளை இல்லாத முதியவருக்கு, அவர் சொத்தை அடையப்போகும் உறவினர் பொறுப்பு.

முன்பும் கோர்ட்டுக்குப் போய் ஜீவனாம்சம் கேட்கலாம். ஆனால் அலைச்சல் அதிகம். இப்போது ஆர்.டி.ஓ. நிலையில் உள்ள அதிகாரியின் தலைமையில் தீர்ப்பாயம் இருக்கிறது. வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அம்மா வசிக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். மகன் தமிழ்நாட்டில் இருந்தாலும் சரி. அம்மா சம்மதித்தால் அவருக்காக வேறொருவர் கொடுக்கலாம். நோட்டீஸ் போன 90 நாளில் முடிவு சொல்ல வேண்டும். மாதம் 10,000 ரூபாய் வரை கொடுக்கச் சொல்லலாம். உத்தரவை மீறினால் ஒரு மாதம் வரை சிறை உண்டு.

வீட்டையோ நிலத்தையோ பிள்ளைக்கு எழுதிக் கொடுக்கிறவர்கள், "என்னைக் கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று பத்திரத்திலேயே எழுதுவது நல்லது. பார்க்காவிட்டால் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம்.

"அப்ப எனக்கு?" என்று மகள் கேட்டாள். "என் கூலி போச்சே?"

டீச்சர் உடனே பதில் சொல்லவில்லை. பணம் அம்மாவுக்குத்தான். ராத்திரி முழுக்க விழித்திருக்கும் மகளின் உழைப்பை இந்தச் சட்டம் கணக்கில் எடுக்கவில்லை. இது பெரிய குறைதான். இங்கிலாந்தில் 2014-இல் வந்த சட்டம் அப்படி இல்லை. நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவருக்கு என்ன உதவி வேண்டும் என்றும் கேட்டுப் பதிய வேண்டும் என்கிறது.

கேரள அரசிடம் 'ஆஸ்வாச கிரணம்' என்று ஒரு திட்டம் உண்டு. படுக்கையில் கிடப்பவரை முழு நேரமும் கவனிக்கும் ஏழைகளுக்கு மாதம் 600 ரூபாய் உதவித்தொகை. ஏலக்காட்டில் இரண்டு நாள் கூலிகூட ஆகாது. அதுவும் மாதக்கணக்கில் பாக்கி நின்றது உண்டு. புதிய மனு வாங்குகிறார்களா என்று அங்கன்வாடியில் கேட்டுக்கொள்ள வேண்டும். பஞ்சாயத்தின் பாலியேட்டிவ் நர்ஸ் வீட்டுக்கே வந்து புண்ணுக்கு மருந்து போடுவார். அதற்குக் காசு இல்லை.

அம்மாவுக்குத்தான் மனம் வரவில்லை. "பெத்த பிள்ளை மேல மனுவா?" என்றார். கண் கலங்கியது.

"சண்டை இல்லம்மா" என்றார் டீச்சர். "முதல்ல சமரச அதிகாரிகிட்ட அனுப்பலாம். அவர் எல்லாரையும் உக்கார வச்சுப் பேசுவார். ஒரு மாசத்துல பேசி முடிச்சாப் போதும்."

மனுவைத் தமிழில் எழுதலாமா? எழுதலாம். குறையைச் சொல்லும் மனுவை நாட்டிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம். அரசியல் சட்டத்தின் 350-ஆம் பிரிவு சொல்கிறது.

மகள் நோட்டை எடுத்தாள். அம்மாவின் பெயர், வயது, நோய் எல்லாம் எழுதினாள். அண்ணன்களின் விலாசம் எழுதினாள். தன் பெயரையும் பிள்ளைகள் வரிசையில் எழுதினாள். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பெரியவன் பேரை முதல்ல போடு" என்றார். "சின்னவனுக்கு வீட்டு வாடகை அதிகம்."

பிறகு இடது கைப் பெருவிரலை நீட்டினார்.