ஐப்பசி மழை: ஈரத்தலையோடு பின்னாதீர்கள்

தென்மேல் பருவக்காற்று அடங்கிவிட்டது. இனிக் கார்த்திகை வரை கொழும்பில் காலையில் வெயில் எறிக்கும், இரண்டு மணி தாண்ட வானம் இருளும், பின்னேரம் இடியோடு கொட்டும். ஒக்டோபர், நவம்பர் இரண்டும் சராசரியாக 300 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் மாதங்கள். தலைமுடியைப் பார்த்துக்கொள்ளும் முறையையும் இப்போதே மாற்றிக்கொள்ளுங்கள். குளிர்நாடுகளுக்கு எழுதப்பட்ட குறிப்புகளைப் பார்த்து மாற்ற வேண்டாம். அங்கே குளிர் தொடங்க வீட்டுக்குள் காற்று உலர்ந்து முடி வறளும். பம்பலப்பிட்டியில் அந்தக் கவலை இல்லை. இங்கே இப்போது கூடுவது, நனைந்த தலை காய எடுக்கும் நேரம்.

வைகாசி முதல் ரயில் பாதையைத் தாண்டி அடித்த உப்புக்காற்றில், மரைன் டிரைவ் பக்கத்து வீடுகளின் சன்னல் கம்பிகள் துருவேறியதைப் பார்த்திருப்பீர்கள். அதே உப்பு தலையிலும் படிந்தது. உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். அதனால்தான் பின்னேரமானால் முடி பிசுபிசுத்தது. அப்போது நாளாந்தம் அலசியதில் நியாயம் இருந்தது. இப்போது அதை நிறுத்துங்கள். கிழமைக்கு இரண்டு தரம் முழுகினால் போதும், எண்ணெய்ப்பிடிப்பான தலைக்கு மூன்று தரம். மழையில் நனைந்தால் மட்டும் வீட்டுக்கு வந்தவுடன் குழாய்த் தண்ணீரில் அலசித் துவட்டிவிடுங்கள். காலி வீதியின் புகையும் தூசும் அந்த நீரோடு தலைக்குள் இறங்கியிருக்கும். அதற்கு ஷாம்பு தேவையில்லை.

முழுகும் நேரத்தை மாற்றுவதுதான் இந்த மாதத்தின் பெரிய வேலை. சனி, ஞாயிறில் காலை ஒன்பது, பத்து மணிக்கு, வெயில் இருக்கும்போது முழுகுங்கள். இரவில் முழுகி ஈரத்தோடு படுப்பதை அடியோடு விடுங்கள். நீரில் ஊறிய முடி தன் எடையில் ஏறத்தாழ 30 வீதம் நீரை உறிஞ்சி வீங்கும். அந்த நிலையில் அதற்குப் பலம் குறைவு. இழுத்தால் ரப்பர் போல நீண்டு அறுந்துவிடும். ஈரமுடியில் நெருங்கிய பல் சீப்பைப் போட்டால் கையோடு வருவது பெரும்பாலும் இப்படி அறுந்த முடிதான், வேரோடு விழுந்ததல்ல.

பள்ளிக்கூடப் பிள்ளைகளை நினைத்தால்தான் எனக்கு மனம் பொறுக்கவில்லை. இராமநாதன் இந்து மகளிர் கல்லூரிக்கோ வெள்ளவத்தைச் சைவ மங்கையர் வித்தியாலயத்துக்கோ போகிற பிள்ளை வெள்ளென முழுகி, அவசரமாக இரட்டைப் பின்னல் போட்டுக்கொண்டு ஓடினால், அந்த ஈரம் பள்ளி விடும்வரை பின்னலுக்குள்ளேயே கிடக்கும். அம்மாமார் ஒன்று செய்து பாருங்கள். பின்னல் தொடங்கும் இடத்தில், பிடரியை ஒட்டி, விரலை உள்ளே விடுங்கள். வெளியே பார்க்கக் காய்ந்தது போலத்தான் இருக்கும். விரல் நுனியில் குளிர்ச்சி தட்டினால் இன்னும் காயவில்லை, பின்னக்கூடாது. பள்ளி நாளில் காலை முழுக்கு வேண்டாம். முதல் நாள் பள்ளி விட்டு வந்து சாப்பிட்டதும் முழுகட்டும், படுக்கப் போவதற்குள் காய்ந்துவிடும்.

துவாயால் பரபரவென்று தேய்க்காமல், பழகிய பருத்திச் சாரத் துணியால் பொத்திப் பொத்தி ஈரத்தை எடுங்கள். பிறகு காற்றாடிக்குக் கீழே இருந்து, முடியை வகிர்ந்து வகிர்ந்து தலைத்தோலை முதலில் காயவிடுங்கள். டிரையர் பிடிப்பதென்றால் மிதமான சூட்டில், ஒரு சாண் தள்ளி. சாம்பிராணி வாசம் எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் மழைக்குச் சன்னல் மூடிய தொடர்மாடி வீட்டில், இழுப்புக்காரர் ஒருவர் இருந்தாலும் போட வேண்டாம். மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் ஹெல்மெட்டின் உள்மெத்தையையும் இரவில் காற்றாடக் கவிழ்த்து வையுங்கள்.

தீபாவளிக்கு நல்லெண்ணெய் வைத்து முழுகுவோம். அதை விட வேண்டாம். மற்ற நாட்களில் தேங்காயெண்ணெய் போதும். முழுகுவதற்கு முன் தடவிய தேங்காயெண்ணெய் முடியின் புரத இழப்பைக் குறைக்கிறது, சூரியகாந்தி எண்ணெயும் கனிம எண்ணெயும் அப்படிச் செய்வதில்லை என்று இந்தியாவில் செய்த ஓர் ஆய்வு 2003இல் வெளியானது. ஆகவே முழுக்குக்கு ஓரிரு மணித்தியாலம் முன்பு, முடியின் நீளத்துக்குத் தடவுங்கள். முழுகிக் காய்ந்த தலையில் மறுபடி எண்ணெய் வழிய வைத்து வாருவதை மழைக்காலம் முடியும்வரை தள்ளிவையுங்கள். பொடுகு உள்ளவர்கள் தலைத்தோலில் எண்ணெயே தேய்க்கக்கூடாது. பொடுகுக்குக் காரணமான மலசீசியா என்ற பூஞ்சை தலையின் எண்ணெய்ப்பசையை உண்டுதான் பெருகுகிறது. பாமசியில் கீட்டோகோனசோல் 2 வீத ஷாம்பு கேட்டு வாங்கி, கிழமைக்கு இரண்டு தரம், ஐந்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவுங்கள். நான்கு கிழமை தொடர்ந்து செய்யுங்கள். பிள்ளையின் தலையில் வட்டமாக முடி ஒடிந்து செதில் கட்டியிருந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். பூச்சு மருந்தால் அது மாறாது, டொக்டர் தரும் குளிசை வேண்டும்.

"மழை தொடங்கினதிலிருந்து முடி கொட்டுது" என்று பலர் சொல்வார்கள். ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை விழுவது இயல்பு. அதற்கு மேல், கைப்பிடி கைப்பிடியாகப் போனால் மழையைக் குற்றம் சொல்லாமல் இரண்டு மூன்று மாதம் பின்னோக்கிப் பாருங்கள். கடும் காய்ச்சல், பிள்ளைப்பேறு, சத்திரசிகிச்சை எதுவானாலும் முடி உதிர்வது அவ்வளவு காலம் கழித்தே. தென்மேல் பருவ மழையோடு கொழும்பில் டெங்கு ஏறும்; 2017இல் நாடு முழுவதும் 1,86,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவானார்கள். ஆடியில் டெங்குவில் கிடந்தவருக்கு ஐப்பசியில் கொட்டும். விலை கூடிய எண்ணெய்களுக்குக் காசைக் கொட்டாதீர்கள். மீன், முட்டை, பருப்பு, கீரை சாப்பிட்டுப் பொறுத்திருங்கள், பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் உதிர்வது நின்று முளைக்கத் தொடங்கும். காய்ச்சல் ஒன்றும் வராமலே பெண்களுக்குக் கொட்டினால், குருதியில் இரும்புச்சத்தும் தைரொயிட்டும் பார்க்கச் சொல்லி டொக்டரிடம் கேளுங்கள்.

மார்கழி விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு இன்னொன்று. இங்கே அம்பத்தலையிலிருந்து வருவது களனி ஆற்றின் மென்னீர். அங்கே சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்று நீர் வன்மையானது. சவர்க்காரம் நுரைக்காது, முடி விறைத்துப் போகும். கூட ஷாம்பு போடாதீர்கள். கடைசி வாளியில் பாதித் தேசிக்காய் பிழிந்து ஊற்றி, உடனே வெறும் தண்ணீரால் ஒரு தரம் அலசுங்கள்.