கொட்டாவியும் மூளை நோயும்

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதைக்கு உரை செய்த அடியார்க்குநல்லார், கூத்தர்க்குரிய அவிநயம் 24 எனக் கூறி, அவற்றின் இயல்பை உணர்த்தும் பழைய சூத்திரங்களையும் எடுத்துக் காட்டுகின்றார். அவற்றுள் ஒன்று சோம்பினோன் அவிநயம். சோம்பனாக நடிப்பவன் விரலை நொடித்து அடுத்தடுத்துக் கொட்டாவி விடுதல் வேண்டும். உடம்பை முறித்து நிமிர்தல் வேண்டும். காரணமின்றி மடிந்திருத்தல் வேண்டும். நோயின்றியே சோர்ந்து நடத்தல் வேண்டும் என்பது அச்சூத்திரத்தின் கருத்து. ‘நோயின்றி’ என்னும் அடை நடைக்கே சேர்த்துக் கூறப்பட்டதாயினும் ஏனையவற்றுக்கும் கொள்ளத்தக்கது. நோய் உளதாயின் அது சோம்பலாகாது. இந்நுட்பத்தைப் பலர் மறந்துவிடுகின்றனர். வகுப்பிலே மாணாக்கன் ஒருவன் மும்முறை கொட்டாவி விட்டால் அவன் மடியன். வீட்டிலே முதியவர் ஒருவர் ஓயாது கொட்டாவி விட்டால் அவருக்கு நித்திரை போதாது. பெரும்பாலும் இத்தீர்ப்புச் சரியாகவே இருக்கும். சரியாகாத சிலவிடங்களைப் பற்றியதே இக்கட்டுரை.

கொட்டாவி சோம்பலுக்கே உரியதன்று என்பதற்குத் தாயின் வயிற்றிற் கிடக்கும் கருவே சான்று. மூன்று மாதம் நிரம்பும் அளவிலேயே கரு வாய் திறந்து கொட்டாவி விடுவதை ஸ்கான் படத்திற் கண்டிருக்கின்றனர். நாயும் பூனையும் குரங்கும் பறவையும் கொட்டாவி விடுகின்றன. மனிதரில் ஒரு கொட்டாவி ஏறக்குறைய 5 அல்லது 6 விநாடி நீடிக்கும். தொடங்கிய பின் இடையில் நிறுத்துதல் அரிது. பல்லைக் கடித்துக்கொண்டு விட்டாலோ நிறைவு தராது. பிறர் விடக் காணினும், அதனைப் பற்றிப் படிப்பினும் தொற்றிக்கொள்ளும். இக்கட்டுரையைப் படிப்போர் வாய் திறப்பின் யான் வருந்தேன்.

நம் முன்னோர் இதனை வாயுவின் தொழில் என்றனர். தசவாயுக்களுள் தேவதத்தன் கொட்டாவியை எழுப்புவது என்பர்; கூர்மன் என்பாரும் உளர். சித்த வைத்தியர் அடக்கலாகாத வேகங்கள் 14 என வகுத்து, அவற்றுள் கொட்டாவியையும் எண்ணினர். கிரேக்க நாட்டு இப்போக்கிரட்டீசின் பெயரால் வழங்கும் நூலொன்றும், காய்ச்சலுக்கு முன் வரும் கொட்டாவியை உள்ளே திரண்ட காற்றின் வெளியேற்றமாகவே கொண்டது. பின்வந்தோர் குருதியில் ஒட்சிசன் குறைதலே காரணம் என்றனர். 1987 இல் அமெரிக்க அறிஞர் றொபேட் புறொவைன் என்பாரும் அவருடன் பணியாற்றியோரும் இதனைச் சோதித்தனர். மாணவர் சிலரைத் தூய ஒட்சிசனையும், பின்னர்க் காபனீரொட்சைட்டு மிகுந்த காற்றையும் சுவாசிக்கச் செய்து, கொட்டாவிகளை எண்ணினர். காபனீரொட்சைட்டு மிக்கபோது மூச்சு விரைந்தது. கொட்டாவியின் தொகையோ மாறவில்லை. ஆயினும் ஒட்சிசன் கதை இன்றும் பலர் நாவில் வாழ்கின்றது.

காரணத்தை நெஞ்சிலே தேடாது தலையிலே தேடுதல் வேண்டும். மூளையின் அடிப்புறத்தே பரிவகக்கீழ் என்னும் சிறுபகுதி உண்டு. பசி, தாகம், உடல்வெப்பம், நித்திரை ஆகியவற்றை ஆள்வதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. அங்குள்ள நரம்புக்கலக் கூட்டமொன்றிலிருந்து கொட்டாவிக்கான ஏவல் எழுந்து மூளைத்தண்டுக்கும் முண்ணாணுக்கும் இறங்குகின்றது. அவ்வளவில் தாடையும் தொண்டையும் நெஞ்சும் பிரிமென்றகடும் ஒருங்கே தொழிற்படுகின்றன. டோபமின், ஒட்சிற்றோசின் முதலிய பொருள்கள் இவ்வேவலை எழுப்புவன. (இத்தகைய சொற்கள் தமிழுக்கு ஒவ்வா என்று முகஞ்சுளிப்போர்க்கு ஒரு செய்தி: 1847 இல் யாழ்ப்பாணம் வந்த டாக்டர் சாமுவேல் கிறீன் மானிப்பாயிலே மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்தார். 1872 இல் வெளிவந்த ‘மனுஷ அங்காதிபாதம்’ அவர் முயற்சியின் பயனே. அக்காலத்தில் இயன்றது இக்காலத்தில் இயலாதென்றல் பொருந்தாது.)

ஏவல் பிறக்குமிடத்திலோ, அது இறங்கும் வழியிலோ, அவ்வழியைக் கட்டுப்படுத்தும் மேலிடத்திலோ கேடு நேரின் கொட்டாவி வரம்பு கடக்கும். 15 நிமிடத்துள் மூன்றுக்கு மேற்பட்டு, நித்திரையும் களைப்பும் இன்றி, மீண்டும் மீண்டும் வருமாயின் அதனை மிகை என வைத்தியருட் சிலர் கொள்வர். பாரிசவாதத்தின் தொடக்கத்திலும், மூளைத்தண்டிற் குருதியோட்டம் தடைப்படும்போதும், மண்டையோட்டினுள் அமுக்கம் ஏறும்போதும் இத்தகைய கொட்டாவி காணப்பட்டிருக்கின்றது. நரம்புறைகளைச் சிதைக்கும் நோயிலும், தசைகளை இயக்கும் நரம்புகள் படிப்படியாய் அழியும் நோயிலும் உண்டு. காக்கை வலிப்பு உடையோருள் மிகச் சிலர்க்கு வலிப்பின் முன்னோ பின்னோ வரும். 1888 இல் பாரிசு நகரத்துச் சல்பெற்றியேர் வைத்தியசாலையிலே பேராசிரியர் சார்க்கோ, நிமிடத்துக்கு எட்டு முறை அளவிற் கொட்டாவி விட்ட 17 வயதுப் பெண்ணொருத்தியைத் தம் மாணவர்க்குக் காட்டி விரிவுரை செய்தார். அவர் அதனை மனத்தின் வழிவந்த நோயென்றே கொண்டார். இன்றைய வைத்தியர் அம்முடிவை ஏற்பினும் ஏலாதொழியினும், கொட்டாவியை எண்ணிக் குறித்து ஆராயும் பொருளாக்கியமை அவர் செய்த நன்றேயாகும்.

இவையனைத்தினும் வியப்புடையது ஒன்று உளது. பாரிசவாதத்தால் ஒரு கை முற்றும் செயலற்றுக் கிடக்கின்றது. ‘தூக்குங்கள்’ என்றால் நோயாளி விரலையும் அசைக்கமாட்டார். அவர் கொட்டாவி விடும்போதோ அக்கை தானே மெல்ல மேலெழுகின்றது. கொட்டாவி முடிந்ததும் விழுந்துவிடுகின்றது. பிரான்சிய வைத்தியர் வலுசின்ஸ்கியும் உடனிருந்தோரும் 2005 இல் இதனை ஆராய்ந்து, கொட்டாவியிற் கையின் பிறழியக்கம் எனப் பொருள்படும் இலத்தீன் பெயரொன்றை இட்டனர். நாம் விரும்பிச் செய்யும் அசைவுக்கு ஏவல் மூளையின் மேற்பட்டையிலிருந்து ஒரு வழியாக இறங்குகின்றது. பாரிசவாதம் அறுத்தது அவ்வழியை. கொட்டாவியோ மூளைத்தண்டிலுள்ள பழைய வழிகளால் இறங்குவது, அவை அறாதிருக்கின்றன. மேலிருந்து கட்டுப்படுத்துவது இல்லாமையால் அவ்வேவல் கைக்கும் பாய்கின்றது என்பர். கண்ணிமையன்றி வேறெதனையும் அசைக்கமாட்டாத நோயாளரும் வாய்நிறையக் கொட்டாவி விடுதல் இதனோடு ஒத்ததே. செல்வச்சந்நிதியிலே நேர்த்தி வைத்துக் காத்திருக்கும் குடும்பத்தார் இவ்வசைவைக் கண்டு, கை வந்துவிட்டதென ஆனந்தக் கண்ணீர் சொரிதல் இயல்பு. முருகனை வணங்குதல் நன்றே. ஆயின் இவ்வசைவு குணமாயிற்றென்பதற்கு உறுதியான அடையாளமன்று. அதனை நம்பி மருந்தையும் கைப்பயிற்சியையும் விடுதல் பெருந்தீங்காய் முடியும்.

நடுக்குவாதத்தார் நிலை இதற்கு மறுதலை. அவர் மூளையிலே டோபமின் குன்றுதலாற் கொட்டாவியும் அருகியே வரும். டோபமினைப் போலத் தொழிற்படும் மருந்து கொடுத்தபின் மிகும். மனச்சோர்வுக்குக் கொடுக்கப்படும் சில மருந்துகளும் நித்திரையின்றியே கொட்டாவியைப் பெருக்குவன. அதற்காக மருந்தைத் தாமே நிறுத்திவிடாது, கொடுத்த வைத்தியருக்கே சொல்லுதல் வேண்டும். ஒற்றைத் தலையிடி உடையோர் சிலர்க்கு இடி தொடங்குமுன்னரே கொட்டாவி அடுத்தடுத்து வரும். அதனை அறிந்தோர் அன்றைய வெயிலையும் பட்டினியையும் தவிர்த்துக்கொள்வர். காலைக் கூட்டத்திலே நெடுநேரம் நிற்கும் பிள்ளை முகம் வெளிறி, வியர்த்துக் கொட்டாவி விடுமாயின், மயங்கி விழப்போகின்றதென்று உணர்ந்து உடனே கிடத்திக் காலை உயர்த்துதல் வேண்டும்.

ஆசிரியரும் பெற்றோரும் அறியவேண்டிய வேறொன்றும் உண்டு. அபின், ஹெரோயின் முதலிய போதைப்பொருளுக்கு அடிமையாயினோர்க்கு அது கிடையாதபோது கொட்டாவி மிகும், கண்ணும் மூக்கும் நீர் வடியும், மயிர் சிலிர்க்கும். இப்பழக்கம் நம் குடாநாட்டினுள்ளும் புகுந்துவிட்டமை யாவரும் அறிந்ததே. கொட்டாவி விடும் பிள்ளைகளையெல்லாம் ஐயுறுதல் அறிவன்று. இரவு நெடுநேரம் கைத்தொலைபேசி பார்த்தவரே அவருட் பெரும்பாலார். மூன்று குறியும் ஒருங்கே காணினோ, அது பிரம்பாலன்றி மருந்தாலே தீர்க்கவேண்டிய நோய்.

எனவே கொட்டாவி ஒன்றே கண்டு மூளை நோயென அஞ்சவேண்டியதில்லை. முதலில் நித்திரையையும் உட்கொள்ளும் மருந்தையும் கேட்டறிக. கொட்டாவியுடன் வாய் ஒருபுறம் கோணினும், ஒரு கை தளரினும், பேச்சுக் குழறினும், பார்வை இரட்டிப்பினும், தலை தாங்கமுடியாது இடிப்பினும் ஒரு கணமும் தாமதித்தல் ஆகாது. ‘படுத்தெழும்பினாற் சரியாகிவிடும்’ என்று பாயை விரிக்கும் வீடுகளிலேதான் பாரிசவாதம் முற்றுகின்றது. குருதிக் கட்டியைக் கரைக்கும் மருந்து, நோய் தொடங்கி 4½ மணித்தியாலத்துள் கொடுத்தாலே பெரும்பாலும் பயன்படும். அதற்கு முன் மூளையைப் படமெடுத்துப் பார்த்தலும் வேண்டும். உடுப்பிட்டியிலுள்ளோர்க்கு மந்திகை ஆதார வைத்தியசாலை அண்மையில் உள்ளது; 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் நோயாளர் வண்டி பணமின்றி வரும். நோயாளி நன்றாயிருந்ததை இறுதியாகக் கண்ட நேரத்தைக் குறித்துக்கொண்டு, அவருடைய கிளினிக் கொப்பியையும் உடன் எடுத்துச் செல்க. வைத்தியர் முதலிற் கேட்பவை அவ்விரண்டுமே.